அடி அண்ணாமலையின் ஆண் சிலந்திகள்

பேருந்து ஊருக்குள் போகவில்லை. அன்று பௌர்ணமி. வயலை ஒட்டிப் போட்டிருந்த தற்காலிக நிலையத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, "இதுக்கு மேல நடைதாங்க" என்றார் நடத்துநர். மதியம் மூன்று மணி. தார்ச்சாலை கொதித்தது. எனக்கு முன்னால் நடந்த தெலுங்குக் குடும்பத்தில் கணவர் தெலுங்கிலேயே மனைவியை அதட்டிக்கொண்டு வந்தார். மலையே சாமி, செருப்பைக் கழற்று என்பது சாரம். அந்த அம்மாள் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பத்தடி நடந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்.

எங்கள் ஈப்போவில் மதியம் மூன்று மணிக்கு மழை இருட்டும். நாலரைக்குப் பெய்துவிட்டு ஓயும். இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கூட்டம் பார்த்தவள்தான் நான். ஆனாலும் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தபோது, ஆற்றில் விழுந்த தேங்காய் மட்டையைப் போலத்தான் போனேன். எங்கே திரும்ப வேண்டும் என்று நான் தீர்மானிக்கவே இல்லை.

கேட்ட முதல் விடுதியில் அறை இருந்தது. ஆனால் மேலாளர் என் பின்னால் யாரையோ தேடினார். "கூட யாரும் வரலீங்களா?"

"நான் மட்டும்தான்."

"தனியா வர்றவங்களுக்கு ரூம் குடுக்கறது இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ரூம் எடுத்து ஏதாவது பண்ணிக்கிறாங்க. அப்புறம் எங்களுக்குத்தான் போலீஸ், கேஸு."

நாற்பத்து நான்கு வயதில், சிலந்தி பார்க்க வந்த ஒருத்தியை இப்படிச் சந்தேகப்பட்டதில் முதலில் சிரிப்பு வந்தது. வெளியே வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அதைப் பழகிப்போன குரலில் சொல்லியிருந்தார்.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு சந்தில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தமிழ் பேசுறீங்க, வெளிநாடா?" என்று வியந்தார். கீழே உணவகத்தில் வெள்ளைக்காரர்கள் முளைகட்டிய பயறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் தன் எதிரில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில், தான் பதினோரு நாளாகப் பேசவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு இட்லியும் ஒரு வடையும் வாங்கினேன். சட்னியில் காரம் ஜாஸ்தி. கண்ணில் நீர் வர வரத் தின்றேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மலேசியாவில் ஓர் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் வேலை செய்கிறேன். சிலந்தி பூச்சி இல்லை என்று தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கென்று எங்களிடம் தனி அறை இல்லை, அவ்வளவுதான். மரப்பட்டையில் வாழும் குதிக்கும் சிலந்தி ஒன்று இருக்கிறது. வலை பின்னாது. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். இந்தியாவிலும் உண்டு, எங்கள் பக்கமும் உண்டு. ஒரே மரத்தில் கறுப்பு, செம்பழுப்பு, சாம்பல், வெள்ளைப் பட்டை போட்டது, போடாதது என்று பல வேடத்தில் திரியும். நிறத்தை நம்பி இனம் பிரித்தால் ஏமாந்துபோவோம். அதனால் ஆண் சிலந்தியின் முகத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் குட்டிக் கைகளைப் பார்ப்போம். அந்தக் கையின் நுனியில் ஒரு கொக்கி உண்டு. பூட்டுக்குச் சாவி போல, ஓர் இனத்துக்கு ஒரு வடிவக் கொக்கி.

கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலை என்ற ஊரில் ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் இந்தச் சிலந்தியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெயர் தரணேந்திரன். ஆறு வருடங்களாக எனக்கும் அவருக்கும் கடிதப் பழக்கம். அனுமதி இல்லாமல் ஒரு சிலந்தியின் காலைக்கூட நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது என்பதால், அவர் படம் வரைந்து அனுப்புவார், நான் எங்களிடம் இருக்கும் பழைய சிலந்திகளோடு ஒப்பிடுவேன். முதல் நான்கு வருடம் எல்லாம் சரியாகப் போயிற்று. கடந்த இரண்டு வருடமாக அவருடைய படங்களில் கொக்கி மூன்று விதமாக வந்தது. ஒன்று நேராக, ஒன்று வளைந்து, ஒன்று நுனி பிளந்து. அப்படியானால் அது ஒரு சிலந்தி அல்ல, மூன்று. இரண்டு புதியவை. அதில் ஒன்றுக்கு அந்த மலையின் பெயரை வைக்க வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் பதிலை முடித்தேன்: 'உறுதி செய்ய இன்னும் சில ஆண் சிலந்திகள் கிடைத்தால் நல்லது.'

இதை நேரில் பார்த்துத் தீர்க்கத்தான் வந்தேன்.

*

மறுநாள் காலை ஆட்டோ கிடைத்தது. ஆனால் கிரிவலப் பாதையில் பாதித் தூரத்தில் நின்றுவிட்டது. பௌர்ணமிக் கூட்டம் விட்டுப்போன வாழையிலையும் காகிதத் தட்டுகளும் சக்கரத்தில் சிக்கியதோ என்னவோ, ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆக்சில் பூடுச்சுங்க. நீங்க நடங்க, இன்னா ஒரு ஃபர்லாங்குதான்." அந்த ஒரு ஃபர்லாங்கு அரை மணி நேரம் நீண்டது.

தரணேந்திரன் வாசலிலேயே நின்றார். உயரமான மனிதர், வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி. "வாங்கம்மா, வாங்க. ஆறு வருஷம் கழிச்சு வர்றீங்க" என்று கை கூப்பினார். பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போயிற்று. அந்தத் தலைமுறை ஆண்கள் வேற்றுப் பெண்ணை நேராகப் பார்க்கக் கூச்சப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி சாந்தமதி தண்ணீர் கொண்டுவந்தார். துணியில் வடிகட்டிய தண்ணீர். அவர்கள் இந்த மாவட்டத்தின் பழைய தமிழ்ச் சமணக் குடும்பம். சாந்தமதியின் பிறந்த ஊரில் இன்னும் சகோதரர்கள் நெல்லும் கடலையும் போடுகிறார்கள். அந்த அம்மாளின் கையைத்தான் முதலில் கவனித்தேன். மணிக்கட்டில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அவ்வளவு மெலிவு.

மேஜைமேல் மைக்ராஸ்கோப் தயாராக இருந்தது. ஜன்னலோரம் அலமாரி நிறையச் சின்னச் சின்ன பாட்டில்கள். ஒவ்வொன்றிலும், கெடாமல் இருக்க எரிசாராயத்தில் போட்ட ஒரு சிலந்தி. தரணேந்திரன் அறைக்குள் தடுமாறாமல் நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். சாந்தமதி ஒரு சிலந்தியைத் தட்டில் வைத்துக்கொடுத்துவிட்டுப் போனார்.

"முதல்ல நான் சொல்றேன், அப்புறம் நீங்க பாருங்க" என்று ஆரம்பித்தார். சிலந்தியின் முதுகு, பட்டை, கால் முடி என்று வகுப்பு எடுப்பதுபோல் அழகாகச் சொல்லிக்கொண்டு போனார்.

நடுவில் மின்சாரம் போயிற்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் தலைக்கு மேல் விசிறி நிற்கவில்லை, குழல்விளக்கும் அணையவில்லை. மேஜையின் பிளக்கில் மட்டும் மின்சாரம் இல்லை. மைக்ராஸ்கோப்பின் விளக்கு அணைந்துவிட்டது. குழாய்க்குள் இருட்டு.

தரணேந்திரன் நிறுத்தவில்லை.

"இப்ப கொக்கிக்கு வர்றேன். பாத்தீங்கன்னா நுனி ரெண்டா பிரியுது. எவ்ளோ தெளிவா இருக்குது பாருங்க. இது பழைய இனமே இல்லம்மா."

நான் வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் சாந்தமதி நின்றுகொண்டிருந்தார். அணைந்த விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்பதுபோல் மெதுவாகத் தலையை அசைத்தார்.

"ஆமா சார்" என்றேன். "தெளிவா இருக்கு."

*

சமணர் வீட்டில் சாப்பாடு சீக்கிரம். பதினோரு மணிக்கே இலை போட்டார்கள். எனக்கு வாழையிலை, அவர்கள் இரண்டு பேருக்கும் எவர்சில்வர் தட்டு. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லை. அவரைக்காய்க் கூட்டு, பயத்தம்பருப்பு, மிளகு ரசம். ஈப்போவில் என் வீட்டில் பூண்டு இல்லாமல் ஒரு வேளை கூடக் கழியாது. ஆனாலும் சொல்கிறேன், அந்த ரசத்துக்கு ஈடாக இந்தப் பயணத்தில் நான் எதையும் சாப்பிடவில்லை.

தரணேந்திரன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஊசியையும் சாந்தமதிதான் அளந்து கொடுத்தார். பிறகு அவருக்குப் பரிமாறிவிட்டு, கணவருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். "இன்னிக்குக் கூட்டுல உப்பு கம்மியோ?" என்று கேட்டுக்கொண்டே தன் டம்ளரை எடுத்து வைத்தார். கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டினார். "எனக்குச் சரியாதான் இருக்குது" என்று தானே பதிலும் சொன்னார்.

சாந்தமதியின் தட்டில் ஒரு பருக்கை இல்லை.

கணவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்து, இடையிடையே தட்டை ஒலிக்கவைத்துக்கொண்டிருந்தார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தரணேந்திரன் படுத்தார். சாந்தமதி என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு புங்க மரங்கள், ஒரு வேம்பு, பின்னால் மலை. பட்டையில் ஒரு செம்பழுப்புச் சிலந்தி எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபுறம் ஓடியது.

"ரெண்டு வருஷம் ஆவுதும்மா கண்ணு போயி" என்றார். "சக்கரை. ஒரு கண்ணு முதல்ல, அப்புறம் இன்னொண்ணு. வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. காலேஜுக்காரங்களுக்குக்கூடத் தெரியாது. இந்த வேலைய முடிச்சுட்டா போதும்னாரு."

"படமெல்லாம்?"

"நான்தான் வரையறேன். உங்களுக்கு லெட்டரும் நான்தான் அடிக்கிறேன். அவரு சொல்லச் சொல்ல." மரப்பட்டையைக் காட்டினார். "புடிக்கிறதும் நான்தான். கண்ணாடி டம்ளரால மூடி, அட்டைய உள்ள சொருகி... அப்புறம் சாராயத்துல போடணும்."

அவர் சொல்ல வருவது எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

"எங்கம்மா வீட்டுல அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடி விறகத் தட்டி எறும்பு இருக்குதான்னு பாப்போம். நான் தெரிஞ்சு ஒரு உயிரக் கொன்னதில்ல. அவரு பண்றப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன். படிப்பு, வேலை, அது அவரு பாடுன்னு இருந்துட்டேன். இப்ப என் கை. சாராயத்துல போட்டதும் உடனே சாவாதும்மா. காலு எல்லாத்தையும் உள்ள மடிச்சுக்கும். கொழந்தை மாதிரி."

"அதனாலதான் சாப்பிடறதில்லையா?"

"ஒண்ணுக்கு ஒரு வேளை. நானே வச்சுக்கிட்டது, யாரும் சொல்லல. அவருக்குத் தெரியாது, தெரியவும் வேணாம்." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் நூத்தி அறுவத்தி மூணு. இன்னும் நாப்பத்தோரு வேளை பாக்கி. அதுக்குள்ள நீங்க இன்னும் ஆம்பளைங்க வேணும்னு எழுதுவீங்க."

குற்றம் சாட்டும் தொனியே அதில் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அந்த வரியை நான் எத்தனை முறை எழுதினேன் என்று யோசித்தேன். ஏழோ எட்டோ. அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டே தட்டியிருப்பேன்.

அன்று மாலை உணவகத்தில் என் முன்னால் வைத்த தோசையைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. அறையில் இருந்த பிஸ்கட்டைப் பிறகு தின்றேன்.

*

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். கொக்கிகளை நானே பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா" என்றார் தரணேந்திரன், கொஞ்சம் பதற்றத்தோடு. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நான் பாட்டில் திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைத் திருப்பினார்.

முதல் சிலந்தி, நேர்க்கொக்கி. சாந்தமதி வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசலாக இருந்தது. கோடு நடுங்கவே இல்லை. எங்கள் அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்கி வரைகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக வரைவதில்லை. படத்தில் பிழை இல்லை. அப்படியானால் கொக்கி உண்மையிலேயே மூன்று விதமா? எனக்கே ஒரு கணம் ஆசை வந்துவிட்டது. இரண்டு புதிய இனம்.

எடுத்து வைக்கும்போது ஊசி பட்டுச் சிலந்தி லேசாகப் புரண்டது. கொக்கி வளைந்திருந்தது.

நான் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நுனி பிளந்து தெரிந்தது. முன்னால் திருப்பினேன், நேர். ஒரு பக்கம் பார்த்தால் நேர், இன்னொரு பக்கம் வளைவு, கீழிருந்து பார்த்தால் பிளவு. ஒரே சிலந்தி, ஒரே கொக்கி.

இந்த வேலை பழகியவர்கள் தட்டில் கொஞ்சம் மணலைப் போட்டு, அதில் சிலந்தியைப் பதித்து, எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் வரைவார்கள். தரணேந்திரன் முப்பது வருடம் அப்படித்தான் செய்திருப்பார். கை தானாகச் செய்யும் காரியம், சொல்லித் தர வேண்டும் என்று தோன்றியிருக்காது. சாந்தமதியோ, சிலந்தி எப்படி விழுந்து கிடந்ததோ அப்படியே வரைந்தார்.

இன்னும் பதினைந்து பாட்டிலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒன்று. கறுப்பு, சிவப்பு, சாம்பல் எல்லாம் ஒன்று. எங்கள் பக்கத்தில் இருக்கும் அதே பழைய சிலந்தி.

சாந்தமதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்க்க, நான் ஊசியால் மெல்லத் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார்.

"மூணும் ஒண்ணுதானா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஒண்ணுதாம்மா."

"இத மொத நாளே யாராவது திருப்பிப் பாத்திருந்தா?"

நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

"அப்ப இதுங்கல்லாம் எதுக்கும்மா செத்துச்சு?"

அலமாரியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

தரணேந்திரனிடம் நானே சொன்னேன். முதலில் கோபப்பட்டார். "முப்பது வருஷமா பாக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்று குரலை உயர்த்தினார். பிறகு அமைதியானார். கைகளை மடியில் வைத்து, விரல்களால் ஏதோ ஒன்றைப் பிடித்துத் திருப்புவதுபோலச் செய்தார்.

"மணல் போட்டு வைக்கலியா?" என்றார்.

"இல்ல சார்."

"நான் சொல்லலியே." பிறகு, "உங்களுக்குத் தெரிஞ்சு போச்சா, எனக்குக் கண்ணு..."

"தெரியும் சார். நேத்தே."

அவர் முகம் இறுகியது. அதிலிருந்து வெளியே வருவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி வேலைதான் போலும். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "சரி. ஒண்ணேன்னா ஒண்ணேன்னு எழுதிடுவோம். ஆனா அதுக்கும் ஆதாரம் வேணும். புதுசா ஒரு இருவது ஆணு புடிச்சு, மணல்ல வச்சு, ஒழுங்கா வரைஞ்சுடலாம். சாந்தா, சாயங்காலமே ஆரம்பிச்சுடு."

"சரிங்க" என்றார் சாந்தமதி.

*

அன்றும் பதினோரு மணிக்குச் சாப்பாடு. ஊசி போட்டாயிற்று. அவருக்குச் சோறு, எனக்குச் சோறு. பக்கத்தில் அந்தக் காலித் தட்டு. கரண்டி ஒலித்தது.

"ரசம் எப்படி இருக்குது?" என்று மனைவியிடம் கேட்டார் அவர்.

"நல்லாத்தான் இருக்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. அது என் வேலை இல்லை என்றும் தெரிந்தது. மூன்று நாள் விருந்தாளி. ஆனால் அந்த இருபதும் என் கடிதங்களின் தொடர்ச்சி. "சார், அம்மா சாப்பிடலை" என்றேன். "அவங்க தட்டுல ஒண்ணுமே இல்ல."

சாந்தமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை.

தரணேந்திரன் இடக்கையை நீட்டினார். காற்றில் தேடி, தட்டின் விளிம்பைக் கண்டுபிடித்து, உள்ளே விரல்களை வைத்துத் தடவினார். ஒரு சுற்று முழுக்கத் தடவினார். ஈரமே இல்லாத தட்டு. பிறகு அந்தக் கை மேலே போய் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தது. வளையலுக்கும் எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எத்தினி நாளா?"

நான்தான் சொன்னேன், தோட்டத்தில் கேட்ட எல்லாவற்றையும். ஒரு சிலந்திக்கு ஒரு வேளை என்பது வரைக்கும்.

தரணேந்திரன் தன் தட்டை எட்டத் தள்ளிவைத்தார்.

"என்னங்க இது? ஊசி போட்டாச்சு. சாப்புடுங்க."

"நீ சாப்புடு. அப்புறம் சாப்புடறேன்."

"என்னால முடியாதுங்க. சங்கல்பம் பண்ணிக்கிட்டேன். நாப்பத்தோரு வேளை இருக்குது."

"அப்ப எனக்கும் நாப்பத்தோரு வேளை."

இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். சாந்தமதி அழவில்லை, கெஞ்சினார். அதட்டிப் பார்த்தார். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உதட்டருகே கொண்டுபோனார். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார், அடம்பிடிக்கும் பிள்ளையைப் போல. கடிகாரத்தில் இருபது நிமிடம் போயிற்று. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. நான் எழுந்து, தெரிந்த ஆட்டோக்காரர் யாராவது உண்டா என்று கேட்டேன். இரண்டு பேருமே என் பக்கம் திரும்பவில்லை.

சாந்தமதி சோற்றுப் பானையை இழுத்தார். தட்டில் ஒரு கை சோறு போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்தார்.

"சாப்புடறேங்க. நீங்களும் சாப்புடுங்க."

"சத்தம் கேக்கணும்" என்றார் அவர். குரல் குழறியது. "மென்னு முழுங்கற சத்தம் கேக்கணும். தட்டு சத்தம் போதாது."

சாந்தமதி மென்று விழுங்கினார். கண்ணீர் இறங்கி ரசத்தோடு கலந்தது. முதல் கவளம் உள்ளே போன பிறகுதான் தரணேந்திரன் வாயைத் திறந்தார். சர்க்கரைத் தண்ணீரை நான் புகட்டினேன். பாதி வேட்டியில் வழிந்தது. அதற்குப் பிறகு இருவரும் சாப்பிட்டார்கள். நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

கை கழுவிவிட்டு சாந்தமதி உள் அறைக்குப் போனார். அங்கே சுவரில் தீர்த்தங்கரர் படம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் நின்றவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கிளம்பும்போதுதான் வாசலுக்கு வந்தார்.

"விரதத்த முறிச்ச பாவமும் சேந்துச்சும்மா" என்றார். "நீங்க நல்லதுன்னு நெனச்சுதான் சொன்னீங்க. ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார். மன்னித்ததற்கா, கேட்டுக்கொண்டதற்கா என்று தெரியவில்லை.

*

நான்காம் நாள் விடைபெறப் போனேன். தரணேந்திரன் புதிதாக எதையும் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். இருக்கும் பாட்டில்களை எல்லாம் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவதாகவும், கண் விஷயத்தைத் தானே அங்கே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். படங்களை ஒரு துணிப்பையில் கட்டி என்னிடம் தந்தார். மலையின் பெயர் பற்றிப் பேச்சு வரவில்லை. சாந்தமதி வழிக்கு எலுமிச்சைச் சோறு கட்டிக்கொடுத்தார். அவர் அன்று காலையில் சாப்பிட்டாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பேருந்து செய்யாறு தாண்டுவதற்குள் டயர் பஞ்சரானது. ஒரு மணி நேரம் சாலையோரம் நின்றோம். பக்கத்தில் நின்ற பெண், மலையைச் சுற்றினீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சுற்றாமல் போகிறவளை அவர் பார்த்ததே இல்லையாம்.

கட்டுரையை எழுதி முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. நிறம் எப்படி எப்படியெல்லாம் மாறுகிறது, ஏன் அத்தனையும் ஒரே இனம், எந்தப் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சாந்தமதியின் படங்களே போதுமானவையாக இருந்தன. மூன்று கோணமும் சேர்ந்து இருந்ததால் அதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. கட்டுரையின் கடைசியில் ஒரு பட்டியல் உண்டு. ஆய்வுக்கு எடுத்த ஒவ்வொரு சிலந்தியையும் அதில் எழுத வேண்டும். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த நாள், பிடித்தவர் யார். விட்டுவிட முடியாது, விதி அப்படி.

தொலைபேசியில் கூப்பிட்டேன். தரணேந்திரனின் காலில் புண் வந்து ஆறாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று சாந்தமதி சொன்னார். பட்டியலைப் பற்றிச் சொன்னேன். படங்களுக்காகவாவது சாந்தமதியின் பெயர் கட்டுரையில் வர வேண்டும் என்றும் சொன்னேன்.

"வேணாம்மா" என்றார் உடனே. "அது ஒசத்தியான விஷயமா இருக்கலாம். ஆனா நூத்தி அறுவத்தி மூணு எடத்துல, கொன்னது இவதான்னு அச்சடிச்சு வைக்கணுமா?"

பின்னால் ஏதோ பேச்சு கேட்டது. போன் கை மாறியது. தரணேந்திரனின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் வகுப்பு எடுக்கும் தொனி அப்படியே இருந்தது.

"பிடித்தவர்ங்கற எடத்துல என் பேரப் போடுங்க. எல்லாத்துலயும்."

"சார், அந்த ரெண்டு வருஷமும் நீங்க..."

"தெரியும். பொய்தான். முப்பது வருஷத்துல ஒரு பொய் எழுதினதில்ல, ஒரு தேதியக்கூட மாத்திப் போட்டதில்ல." மூச்சு வாங்கினார். "அதுங்க கணக்கு என் பேர்லயே இருக்கட்டும்மா. அவ சாப்புடணும்."

பக்கத்தில் சாந்தமதி என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி இரைச்சலில் லைன் அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிடவில்லை.

தவறான விவரத்தைத் திருத்துவதற்காகக் கடல் தாண்டிப் போனவள் நான். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் எல்லாரும் போன பிறகு பட்டியலைத் திறந்தேன். ஆண், அடி அண்ணாமலை, புங்க மரப் பட்டை, பிடித்தவர்: தரணேந்திரன். நகலெடுத்து ஒட்டினால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் நூற்று அறுபத்து மூன்று முறையும் கையால் தட்டினேன்.